கம்பியிலிருந்து கணினி வரை: மண்டைக்காடு அருகே ஒரு வீட்டுப் பதிவு

கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தையிலிருந்து மண்டைக்காடு போகும் வழியில், கடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால் இருக்கும் வீடு. ஒரு படுக்கையறை, சுவரோரம் மேசை, மேசைமேல் விண்டோஸ் லேப்டாப், தலைக்கு மேலே மின்விசிறி. பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு ஒன்றுக்கு இரண்டு ட்ராக் பதிவு செய்து தர வேண்டும்: ஒன்று ரிதம் (பாட்டுக்கு அடியில் தாளத்தோடு அடிப்பது), ஒன்று லீடு (தனித்து ஒலிக்கும் மெட்டு). குரல்களும் கீபோர்டும் வேறிடத்தில் பதிவாகிவிட்டன. கிட்டார், ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக்; கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் மூன்று, மூன்றும் ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில். ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) கிடையாது; கோவிலில், அதாவது சர்ச்சில், இருக்கும் ஆம்ப் அங்கேயே இருக்கிறது.

வந்த புகார்கள் நான்கு. சத்தம் மெலிந்து, தூரத்தில் வாசிப்பது போல இருக்கிறது. உம்மென்று ஓர் இரைச்சல் அடியில் ஓடுகிறது. வாசித்ததும் ஹெட்போனில் காலந்தாழ்ந்து கேட்கிறது. பதிவின் நடுவே டப் டப்பென்று வெடிக்கிறது. வீட்டில் எல்லோருடைய முடிவும் ஒன்றுதான்: லேப்டாப் பழசு, புதுசு வாங்கணும். லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை. கெட்டது பெரும்பாலும் கம்பிக்கும் கணினிக்கும் நடுவே உள்ள முதல் மூன்று மீட்டரில்தான். அதை எந்த வரிசையில் தேடினால் கிடைக்கும் என்பதுதான் இந்த ஆய்வு.

முதல் முயற்சி: பதிவானது கிட்டாரே இல்லை

கிட்டார் கேபிளின் பிளக் 6.35 மில்லிமீட்டர். லேப்டாப்பில் உள்ள துளை 3.5 மில்லிமீட்டர். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பின் போட்டுச் செருகியிருந்தார்கள். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதிவை அழுத்தினால் அலை வரைகிறது, வாசிப்பும் கேட்கிறது. ஆனால் பிக் (மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும் டிக் டிக் சத்தம்தான் முன்னால் நிற்கிறது. சுரம் பின்னால் எங்கோ கிடக்கிறது. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் அதே அளவில் பதிவானது.

நோயைச் சொல்லிவிடும் அறிகுறி அதுதான். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போது கேபிள் வழியாக வாசிப்பு எதுவும் வர முடியாது. வந்தது காற்று வழியாக. லேப்டாப் மூடியில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் உள் மைக், கம்பியின் வெறும் சத்தத்தைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தது. சந்தேகம் இருந்தால் பதிவு ஓடும்போது மூடியின் மேல் விளிம்பை நகத்தால் தட்டிப் பாருங்கள். மீட்டர் துள்ளினால் கிட்டார் இன்னும் உள்ளே போகவில்லை.

ஏன் போகவில்லை? இப்போது வரும் லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அதில் செருகும் ஹெட்செட் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் உலோகம் நான்கு துண்டாக, நடுவே மூன்று கறுப்பு வளையங்களோடு இருக்கும். நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது தரை (கிரவுண்ட்), அடித்தண்டு மைக். கிட்டார் பிளக்கில் இரண்டே துண்டு: நுனியில் சிக்னல், தண்டு முழுக்கத் தரை. கன்வெர்ட்டர் வழியாகச் செருகும்போது கிட்டாரின் சிக்னல் போய் நிற்பது இடது காதுக்கான வெளியீட்டில். மைக்குக்கான இடமும் தரைக்கான இடமும் ஒரே உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகிவிடுகின்றன. கணினி அதைப் பார்த்து, யாரோ மைக் இல்லாத ஹெட்போனைச் செருகியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, உள் மைக்கிலேயே தொடர்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு வாரம் முழுக்க இப்படிப் பதிவு செய்தும் கண்டுபிடிக்காமல் போவதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது முயற்சி: உள்ளே போனது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து

அடுத்து ஒரு பிரிப்பான் வாங்கினார்கள். ஒரு முனையில் நான்கு துண்டு பிளக், மறுமுனையில் மைக்குக்கு ஒரு துளை, ஹெட்போனுக்கு ஒரு துளை. கிட்டாரை மைக் துளையில் செருகியதும் சிக்னல் உண்மையாகவே உள்ளே வந்தது. ஆனால் கம்பளியைப் போட்டு மூடியது போல மந்தமாக. பலமாக அடித்தால் கிழிகிறது; மெதுவாக மீட்டினால் இரைச்சலில் முங்குகிறது; லீடில் ஒரு நோட்டை நீட்டிப் பிடித்தால் பாதியில் தானாகத் தேய்ந்து மறைகிறது.

கடைசியில் சொன்னதற்குக் காரணம் சுலபமானது. பேச்சுக்காகச் செய்த இரைச்சல் நீக்கும் வசதி விண்டோஸிலோ ஒலி அட்டையின் மென்பொருளிலோ இயங்கிக்கொண்டிருக்கிறது. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் அது மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். நீண்டு ஒலிக்கும் கிட்டார் நோட்டு அதற்கு மின்விசிறிதான். ஒலி அமைப்பில் மைக்கின் பண்புகளைத் திறந்து மேம்பாடுகள் என்று இருப்பதை எல்லாம் அணைத்தால் நோட்டு மறைவது நிற்கும். மைக் பூஸ்ட் 20, 30 டெசிபல் என்று ஏற்றி வைத்திருந்தால் அதையும் பூஜ்யமாக்க வேண்டும். பலமாக அடிக்கும்போது கிழிவது அதனால்தான்.

மந்தமாக இருப்பது அமைப்புகளில் சரியாகாது. அதற்குக் காரணம் இம்பிடன்ஸ், அதாவது மின்மறுப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பதிவில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் போகிறது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. சிங்கிள் காயில் ஒன்றை மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 6 கிலோஓம் காட்டும். அதன் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) 2 முதல் 3 ஹென்றி வரை. சுருள் என்பதால் சுரம் உயர உயர அதன் மறுப்பும் ஏறுகிறது: 2.5 ஹென்றி என்று வைத்தால் 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 16 கிலோஓம், 3 கிலோஹெர்ட்ஸில் 47 கிலோஓம். இந்தப் பிக்கப்பை ஒரு கிட்டார் ஆம்பில் செருகினால், எதிரே நிற்கும் உள்ளீட்டின் மறுப்பு வழக்கமாக 1 மெகாஓம். அதன் முன்னால் இந்த 47 கிலோஓம் ஒன்றுமே இல்லை. சிக்னல் கிட்டத்தட்ட முழுசாகப் போய்ச் சேரும்.

லேப்டாப்பின் மைக் உள்ளீட்டில் மறுப்பு சில கிலோஓம்தான். 5 கிலோஓம் என்று கொள்ளுங்கள். தடித்த கம்பிகளின் அடிச்சுரம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அங்கே சிக்னலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உள்ளே போகிறது. கிட்டாரின் பளிச்சென்ற முகம் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம். அங்கே பத்தில் ஒரு பங்குதான் போகிறது. அடிச்சத்தத்தை விட மேல்சத்தம் 13 டெசிபல் அளவுக்கு அதிகமாகக் குறைந்துவிடுகிறது. கம்பளி என்று காது சொன்னது இதைத்தான். ஈக்வலைசரில் மேல்பகுதியை 13 டெசிபல் ஏற்றினால் அதோடு இரைச்சலும் 13 டெசிபல் ஏறும். 

கேபிளும் இதே கணக்கில் சேர்கிறது. ஒரு மீட்டர் கிட்டார் கேபிளுக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) உண்டு. அது சுருளோடு சேர்ந்து ஒரு உச்சத்தை உண்டாக்குகிறது. அந்த உச்சத்தைத் தாண்டிய சத்தம் வேகமாக இறங்கிவிடும். 3 மீட்டர் கேபிளில் உச்சம் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். 6 மீட்டர் போட்டால் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும். மேடைக்கு வாங்கிய நீளமான கேபிளையே மேசைக்கும் பயன்படுத்தி, மிச்சத்தைச் சுருட்டித் தரையில் போட்டிருந்தார்கள். மேசைப் பதிவுக்கு 3 மீட்டர் தாராளம்.

ஆடியோ இன்டர்ஃபேஸ், அதில் ஒரு பொத்தான்

ஆக, 1 மெகாஓம் உள்ளீடுள்ள ஏதாவது ஒன்று நடுவில் வேண்டும். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று விற்கும் சின்னப் பெட்டி அதுதான். ஒரே ஒரு கிட்டாருக்கு இரண்டு உள்ளீடு உள்ள ஆரம்ப மாடலே போதும். ஏற்கெனவே யூஎஸ்பி வைத்த மல்டி எஃபெக்ட் பெடல் கையில் இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அவற்றில் பல கணினிக்கு இன்டர்ஃபேஸாகவும் இயங்கும். ஒரு முனையில் கிட்டார் பிளக்கும் மறுமுனையில் யூஎஸ்பியும் கொண்ட கேபிள்களும் கிடைக்கின்றன. அவசரத்துக்கு ஆகும். கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை, மாற்றக் குமிழ் இருக்காது, நேரடியாகக் கேட்க ஹெட்போன் துளை இருக்காது. இரண்டு ட்ராக் ஒழுங்காகப் பதிய வேண்டியவருக்கு அதைச் சொல்ல மாட்டோம்.

இந்த வீட்டில் நாகர்கோவிலிலிருந்து இன்டர்ஃபேஸ் வாங்கி வந்த அன்றும் சத்தம் மந்தமாகவே இருந்தது. முன்பக்கத்தில் இன்ஸ்ட் (இன்ஸ்ட்ருமென்ட்) என்று எழுதிய பொத்தானை அழுத்தவில்லை. அதை அழுத்தாத வரை அந்தத் துளை லைன் உள்ளீடு. மறுப்பு பத்திலிருந்து சில பத்து கிலோஓம். கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் அது சரி, பிக்கப்புக்குப் போதாது. அழுத்திய நொடியில் திரை விலகியது போல் மேல்சத்தம் திறந்துகொண்டது. சில மாடல்களில் பொத்தான் இருக்காது. கிட்டார் படம் போட்ட துளை ஒன்று தனியாக இருக்கும். வேறு சிலவற்றில் கணினியில் உள்ள அந்தப் பெட்டியின் மென்பொருளில்தான் மாற்ற வேண்டும். செருகும் முன் பெட்டியின் முகத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

48 வோல்ட் என்று ஒரு பொத்தானும் இருக்கும். அது கண்டென்சர் மைக்குக்கு. மைக்கின் மூன்று முள் பிளக்குக்கு மட்டுமே அந்த மின்சாரம் போகும் என்றாலும், கிட்டார் பதிவில் அதை அணைத்தே வையுங்கள்.

இரைச்சல்: நான்கு சோதனை, இரண்டு குற்றவாளி

மந்தம் போனதும் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. மேல்சத்தம் திறந்தால் அதுவும் திறக்கும். இங்கேதான் பலரும் நாய்ஸ் கேட் போட்டு மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கேட், வாசிக்காத நேரத்து இரைச்சலைத்தான் மூடும். வாசிக்கும்போது அது சுரத்துக்கு அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் மூலத்தைத் தேடணும்.

கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குவது முதல் சோதனை. இரைச்சல் நின்றால் அது பிக்கப் வழியாக வருவது. நிற்காவிட்டால் கேபிளிலோ இன்டர்ஃபேஸிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது. இந்த வீட்டில் பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. அப்படியானால் மூலம் இரண்டு.

இரண்டாவது, வால்யூமைத் திரும்ப ஏற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெதுவாக ஒரு சுற்று சுற்றுவது. ஒரு திசையில் இரைச்சல் ஏறியும் அதிலிருந்து கால்வட்டம் திரும்பினால் இறங்கியும் இருந்தால், அறையில் ஏதோ ஒன்று காந்தப் புலத்தை வீசுகிறது. சிங்கிள் காயில் பிக்கப் கம்பியின் அதிர்வுக்கும் அதற்கும் வேறுபாடு பார்க்காது.

மூன்றாவது, லேப்டாப்பின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுவது. நான்காவது, கம்பிகளை உள்ளங்கையால் தொடுவது. தொட்டால் இரைச்சல் சற்றுக் குறைவது இயல்பு. நம் உடம்பே ஆண்டெனாவாக இருக்கிறது, கம்பியின் வழியே அது தரையோடு சேர்ந்துவிடுகிறது. தொட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் கிட்டாருக்குள் பிரிட்ஜுக்கு (கம்பிகள் பொருந்தும் உலோகப் பகுதி) போகும் தரை வயர் அறுந்திருக்கலாம். தொட்டால் கூடினால், ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறிப் பற்ற வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இங்கே சுற்றும்போது இரைச்சல் மாறியது. தேடிப் போனால் குமிழைத் திருப்பத் திருப்ப வேகம் மாறும் மின்விசிறி ரெகுலேட்டர். அதற்குள் இருப்பது டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச். மின்சாரத்தின் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டித்தான் அது வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு 50 ஹெர்ட்ஸோடு நிற்காமல் அதன் மடங்குகளாக மேலே வரை சிதறும். அதனால்தான் அது உம்மென்று இல்லாமல் ஜிர்ரென்று கேட்கிறது. விசிறியை முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத் திருகும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இருக்காது. அதை மாற்றிவிடுவதுதான் நல்லது. லேப்டாப் சார்ஜரின் செங்கல் போன்ற பெட்டியும் எல்ஈடி விளக்கின் ட்ரைவரும் இதே போல வீசும். கிட்டாரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ஜிர் பல மடங்கு.

ஸ்ட்ராட்டின் ஐந்து நிலை ஸ்விட்சில் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும். நடு பிக்கப்பைத் தலைகீழ்ச் சுற்று, தலைகீழ்க் காந்தத்தோடு செய்திருந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டு சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் இயங்குவதும் இதே தத்துவத்தில்தான். இந்தக் கிட்டாரில் அப்படித்தான் இருந்தது. ரிதம் ட்ராக் முழுவதையும் நான்காம் நிலையில் பதியச் சொன்னது அதனால்தான்.

மிச்சப் பாதி, வால்யூமை இறக்கியும் நிற்காத பாதி, சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. கூடவே ஒரு புகார் வெளியே வந்தது. சார்ஜர் போட்டிருக்கும்போது கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறதாம். சுவரில் மூன்று துளை உள்ள பிளக் பாயிண்ட்; சார்ஜரும் மூன்று முள். வந்த எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் காட்டியது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே 230 காட்ட வேண்டும். முள் நிலையில்லாமல் அலைந்து எங்கோ கீழே நின்றது. கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "மக்களே, இது வெறும் ஓட்டைதான். இதுக்க பொறத்த வயரு இல்ல." பக்கத்து அறை பாயிண்டில் வயர் இருந்தது, ஆனால் வெளியே எர்த் குழியில் கிளாம்பு துருப்பிடித்து, வயர் குழாயைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இதில் வியப்பில்லை. கடலோர மணலில் ஈரம் நிற்காது. மார்ச், ஏப்ரலில் குழி காய்ந்து எர்த் இன்னும் பலவீனமாகும்.

எர்த் இல்லாதபோது நடப்பது இது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்கென்று இருக்கும் கெப்பாசிட்டர்கள், எர்த்துக்குப் போக வேண்டிய சிறு கசிவை லேப்டாப்பின் உலோகப் பகுதிக்கே கொண்டுவந்துவிடும். அந்த உலோகம் மின்னழுத்தத்தில் பாதியளவில், 115 வோல்ட் பக்கம் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கோடு நிற்கிறது. யூஎஸ்பி, இன்டர்ஃபேஸ், கேபிளின் தரை, பிரிட்ஜ், கம்பி என்று நேரே விரலுக்கு வந்துவிடுகிறது. இதையே ஒருவர் கிட்டாரைப் பிடித்தபடி, சரியாக எர்த் ஆன வேறொரு சிஸ்டத்தின் மைக்கில் உதடு பட்டுப் பாடும்போது நினைத்துப் பாருங்கள். சார்ஜர் நல்ல நிலையில் இருந்தால் உதட்டில் ஒரு கடி. எங்காவது இன்சுலேஷன் கெட்டிருந்தால் அது கடியோடு நிற்காது.

எர்த் முள்ளை உடைத்துவிட்டால் உம் போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சில நேரம் சத்தம் போகவும் செய்யும். போனது சத்தம் மட்டும் இல்லை, உயிரைக் காக்க இருந்த ஒரே வயரும் போயிற்று. இங்கே எலக்ட்ரீஷியன் குழியில் கிளாம்பை மாற்றி, குழாயின் தலையைச் சுரண்டி வயரைப் பிணைத்து, அறை வரை புது எர்த் வயர் இழுத்தார். பிறகு ஃபேஸ், எர்த் நடுவே 230-க்குப் பக்கத்தில். நியூட்ரல், எர்த் நடுவே இரண்டு வோல்ட்டுக்குள். சுருக்கு நின்றது. லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டன; வெவ்வேறு சுவர்களிலிருந்து எடுத்தால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி மறுபடி உம் வரும்.

தாமதம்

கிட்டாரைத் தட்டிய பிறகு ஹெட்போனில் கேட்க எடுத்துக்கொண்ட நேரம் காதாலேயே எண்ணும் அளவுக்கு இருந்தது. அப்போது கையில் இருந்த ஆடாசிட்டிப் பதிப்பில் ஏசியோ கிடையாது. உரிமச் சிக்கலால் அவர்கள் அதை நெடுநாள் சேர்க்காமல் இருந்தார்கள். விண்டோஸின் பொது வழியாகப் போய்வரும்போது 100 மில்லிசெகண்ட் சுலபமாகத் தாண்டும். ஏசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த ட்ரைவர் முறை. மென்பொருள் நேராக இன்டர்ஃபேஸோடு பேச வழி செய்யும். இங்கே ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை நிறுவி, இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏசியோ ட்ரைவரைப் போட்டோம். மேக் கணினியில் இந்தச் சிக்கலே இல்லை. அதிலேயே வரும் பதிவு மென்பொருளான கராஜ்பேண்ட் திறந்தால் போதும்.

பஃபர் என்பது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) தொகுதி. அது எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுவது எளிது: சாம்பிள் எண்ணிக்கையை நொடிக்கான சாம்பிளால் வகுக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.3, 1024 என்றால் 21. உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, அதன்மேல் ஒலியை எண்ணாக மாற்றும் சுற்றும் ட்ரைவரும் எடுக்கும் சில மில்லிசெகண்ட். மொத்தம் 10 மில்லிசெகண்டுக்குள் நின்றால் கைக்கு உறுத்தாது. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிசெகண்ட் என்பது ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பது போல. மேடையில் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

128-இல் வைத்ததும் டப் டப் வந்தது. இதில் ஒரு முரண் உண்டு, கவனியுங்கள். இரைச்சலுக்குப் பயந்து சார்ஜரைக் கழற்றி வைத்திருந்தார்கள். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் செயலியின் வேகத்தைக் குறைக்கும். குறைந்ததால் பஃபரை நேரத்துக்கு நிரப்ப முடியாமல் வெடிப்பு. எர்த் சரியான பிறகு சார்ஜரைப் போட்டே பதிந்தபோது வெடிப்பில் பாதி போயிற்று. பவர் முறையை உயர்செயல்திறனுக்கு மாற்றி, வைஃபையை அணைத்து, இன்டர்ஃபேஸை ஹப்பில் இல்லாமல் லேப்டாப்பின் துளையிலேயே செருகியதும் மிச்சமும் போயிற்று. அப்படியும் வந்தால் 256-க்கு ஏற்றுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்றொரு ஸ்விட்ச் இருக்கும். அது கணினிக்குப் போகாமலே கிட்டாரை ஹெட்போனுக்கு அனுப்பும். தாமதம் பூஜ்யம், ஆனால் வெறும் கிட்டார் சத்தம்தான். ஆம்ப் சிமுலேட்டரின் (ஆம்பைப் போல ஒலிக்கவைக்கும் மென்பொருள்) சத்தத்தைக் கேட்டு வாசிக்க வேண்டுமானால் இந்த ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். இங்கே இரட்டையாகக் கேட்கிறது என்ற புகார் ஒரு நாள் முழுக்க ஓடியது இந்த ஸ்விட்சால்தான்.

அளவும் ஆம்பும்

கெயினை வைக்கும்போது பாட்டில் வரும் மிகப் பலமான ஸ்ட்ரோக்கை அடித்துக்கொண்டே வையுங்கள். மெதுவாக அடித்து வைத்தால் கேரலின் கடைசிப் பல்லவியில் சிவப்பு எரியும். 24 பிட்டில் பதியுங்கள். உச்சம் கழித்தல் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் கீழே இடம் ஏராளம். மேலே இடம் கிடையாது. சிவப்பு எரிந்து கிழிந்த நோட்டைப் பிறகு எந்த மென்பொருளும் ஒழுங்காக ஒட்டித் தராது. ட்ராக்கின் உள்ளீட்டை மோனோவாக, கிட்டார் செருகிய எண்ணில் வைக்க வேண்டும். ஸ்டீரியோ என்று வைத்தால் கிட்டார் ஒரு காதில் மட்டும் வரும்.

வெறும் சிக்னலையே ட்ராக்கில் பதிந்து, ஆம்ப் சிமுலேட்டரை அதன்மேல் ப்ளகினாக (பதிவு மென்பொருளோடு சேரும் துணை மென்பொருளாக) வையுங்கள். பிறகு ஆம்பை மாற்றலாம், டிஸ்டார்ஷனைக் குறைக்கலாம். வாசித்ததைத் திரும்ப வாசிக்க வேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற சிமுலேட்டர் இலவசம், தரமும் நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ஆம்பின் தலையை மட்டும் ஏற்றினால் கொசு பறப்பது போலக் கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் விழுங்கிவிடும். அந்த வேலையைச் செய்யக் கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) ஒலித்தன்மையைப் பிடித்து வைத்த இம்பல்ஸ் கோப்பு ஒன்றைப் பின்னால் ஏற்ற வேண்டும். இரைச்சல் சோதனையையும் டிஸ்டார்ஷன் போட்ட நிலையிலேயே செய்யுங்கள். டிஸ்டார்ஷன் 40 டெசிபல் ஏற்றினால் சுத்தமாகக் கேட்ட ட்ராக்கின் அடியில் கிடந்த உம்மும் 40 டெசிபல் மேலே வரும்.

வேறிடத்தில் பதிவான குரலோடு கிட்டார் சேர வேண்டும் என்பதால் ஒரு சோதனை கட்டாயம். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைப் போடுங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் உள்ளீடு லைனில் இருக்கட்டும், ஸ்பீக்கரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிக் சத்தத்தை ஓடவிட்டுத் திரும்பப் பதிந்து, இரண்டு டிக்கும் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தள்ளி நின்றால் எத்தனை சாம்பிள் என்று எண்ணி, பதிவு அமைப்பில் ஈடுகட்டும் இடத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். சிறிய எண்தான். ஆனால் ரிதம் கிட்டார் ட்ரம்முக்குப் பின்னால் இழுபடுகிறது என்று வாசிப்பவரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்காமல் விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஜாக்

எல்லாம் முடிந்த பிறகும் அவ்வப்போது கரகரவென்று வந்தது, கேபிளை அசைத்தால் நின்றது. ஜாக் தகட்டின் இரண்டு திருகைக் கழற்றித் திருப்பினால் உள்ளே வளைந்த தகட்டு நாக்கு ஒன்று தெரியும். பிளக்கின் நுனிப் பள்ளத்தில் போய் உட்காருவது அதுதான். அந்த நாக்கின் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, நாக்கும் தளர்ந்து பிளக்கை இறுக்கிப் பிடிக்காமல் நின்றது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்து, நாக்கை விரலால் லேசாக உள்நோக்கி வளைத்ததும் கரகரப்பு நின்றது. அதிகம் வளைத்தால் முறியும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்கும் அதே கிளீனர்தான். குமிழின் அடியில் உள்ள இடுக்கு வழியாக ஒரு துளி. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடி தொடங்கினால் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவ வேண்டும், இணையக் கேபிள் இருந்தால் அதையும். இந்த வீட்டில் லீடு ட்ராக்கின் கடைசி எட்டு பார் (தாளச் சுற்று) அப்படித்தான் மறுநாளைக்குத் தள்ளிப் போனது. காலையில் விசிறியை நிறுத்தி, அதே கெயினில், முந்தின நாள் ஒட்டி வைத்த துண்டுக் காகிதத்தில் இருந்த அளவுகளைப் பார்த்துப் பதிந்தபோது இரண்டு நாள் பதிவுக்கும் நடுவே தையல் தெரியவில்லை. அந்தக் காகிதத்தில் இருந்தவை: பிக்கப் நிலை 4 ரிதம், நிலை 1 லீடு, இன்ஸ்ட் அழுத்தியது, கெயின் குமிழ் கடிகாரத்தின் 11 மணித் திசையில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பஃபர் 128, டைரக்ட் மானிட்டர் அணை.